தாராவி மாடியில் ஓர் ஆப்பிள் செடி

மாட்டுங்காவில் இறங்க வேண்டியவள் தாதரில் இறங்கினேன். இறங்கினேன் என்பதுகூடச் சரியில்லை, இறக்கிவிடப்பட்டேன். செம்பூரிலிருந்து குர்லா வரை ஒரு ரயில், அங்கே மாறி மாட்டுங்காவுக்கு இன்னொரு ரயில் என்று என் சித்தி மகள் உமா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "அக்கா, குர்லால ஸ்லோ லோக்கல்ல மட்டும் ஏறுங்க. ஃபாஸ்ட் வண்டி மாட்டுங்கால நிக்காது." குர்லாவில் பெண்கள் பெட்டி வந்து நின்றதும், பின்னாலிருந்த கூட்டம் என்னை அப்படியே தூக்கி உள்ளே வைத்துவிட்டது. ஸ்லோவா ஃபாஸ்ட்டா என்று கேட்க வாய் திறப்பதற்குள் சயான் ஓடியது. அப்புறம் மாட்டுங்காவும் ஓடியது.

பக்கத்தில் நின்ற பெண் இந்தியில் எங்கே போகவேண்டும் என்று கேட்டாள். சொன்னேன். "அதோ, போயே போச்சு" என்று ஜன்னல் பக்கம் கையைக் காட்டிவிட்டுச் சிரித்தாள். பெட்டியில் நாலைந்து பேர் சேர்ந்து சிரித்தார்கள். எங்கள் தேனிப் பக்கத்துப் பஸ்ஸில் தூங்கிப்போனால் கண்டக்டர் பெயர் சொல்லி எழுப்பிவிடுவார். இங்கே யாருக்கும் யார் பெயரும் தெரியாது. அன்றைக்கு அவர்கள் சிரித்தது எனக்குச் சுருக்கென்றது. ஊர், பெயர் தெரியாத கூட்டத்தின் நடுவே நின்று கேலிக்கு ஆளாவது எப்படி இருக்கும் என்று அறிந்த மறுநாளே அதை நான் இன்னொருவருக்குச் செய்தேன். இந்தப் பயணத்தைப் பற்றி எழுதவே வேண்டாம் என்று சில மாதம் இருந்ததற்கு அதுதான் காரணம்.

நான் ஒரு தோட்டக்கலைக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். முதலாண்டு மாணவர்களுக்கு என் பாடம் பயிர்களின் வகைப்பாடு. ஒரு பயிர் எந்தத் தட்பவெப்பத்தில் வளரும், எதற்குப் பயன்படும் என்று பார்த்துப் பிரித்து வைப்பது. குளிர்மண்டலம், மிதவெப்ப மண்டலம், வெப்பமண்டலம் என்று ஒரு பிரிவு. பழம், காய்கறி, பூ, நறுமணப் பொருள், மலைத்தோட்டப் பயிர், மூலிகை, அலங்காரச் செடி என்று இன்னொரு பிரிவு. இதைத் தமிழில் ஒரு நல்ல புத்தகமாக எழுதிவிட வேண்டும் என்பது ஆசை. அதற்குப் படங்கள் வேண்டியிருந்தன. காஷ்மீர் ஆப்பிளும் கொங்கண் தேங்காயும் ஒரே தெருவில் கிடக்கும் சந்தை வேண்டுமென்றால் மும்பைக்கு வாருங்கள் என்று உமாதான் கூப்பிட்டாள்.

தாதரிலிருந்து திரும்பி மாட்டுங்கா வந்து சேர்ந்தபோது பசி காதை அடைத்தது. நிலையத்தை ஒட்டிய உணவகத்தில் மேஜையைப் பகிர்ந்துகொண்டுதான் உட்கார வேண்டும். எதிரே இரண்டு பெரியவர்கள், வெள்ளைச் சட்டை, கையில் ஆங்கிலப் பேப்பர். ஒருவர் மற்றவரிடம் சொன்னார்: "எம் பையன் தமிழ் நன்னாப் பேசுவான். போர்டு படிக்கச் சொன்னா மட்டும் கூகுளைக் கேக்கறான்." இட்லி பஞ்சு மாதிரி இருந்தது. சாம்பாரில் மட்டும் லேசாக வெல்லம். எங்கள் ஊரில் இப்படிக் கொடுத்தால் சண்டை வரும். காபி அந்தக் குறையைத் தீர்த்துவிட்டது.

சந்தை, நான் பாடத்தில் போட்ட கோடுகளையெல்லாம் கலைத்துப் போட்டிருந்தது. ஒரே தள்ளுவண்டியில் ஆப்பிள், மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெர்ரி, மாதுளை, சப்போட்டா. அடுத்த கடையில் வாழைக்காய், வாழைப்பூ, வாழைத்தண்டு, நேந்திரம் பழம். ஒரே மரம், ஆனால் பயனைப் பார்த்துப் பிரித்தால் பாதி காய்கறி, பாதி பழம். இலையை எதில் சேர்ப்பது என்று எனக்கே குழப்பம். படம் எடுத்துக்கொண்டே இருந்தேன். வண்டிக்காரப் பெண்மணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு மராத்தியில் ஏதோ சொன்னார். பக்கத்துப் பூக்கடைக்காரர் தமிழில் மொழிபெயர்த்தார்: "ஆப்பிளுக்குக் கல்யாணமான்னு கேக்குறா. இத்தனை போட்டோ எதுக்காம்?" வெட்கப்பட்டு, வண்டியிலிருந்து வகைக்கு இரண்டாக எல்லாப் பழமும் வாங்கிக்கொண்டேன். எப்படியும் மறுநாள் தேவைப்பட்டன.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தாராவியில் ஒரு தமிழ் மன்றத்தில் நான் பேசுவதாக ஏற்பாடு. மன்றச் செயலாளர் செல்வராஜ் உமாவின் கணவருக்குப் பழக்கம். திருநெல்வேலிக்காரர், தாராவியில் பைகளுக்கு ஜிப்பும் கொக்கியும் விற்கும் கடை வைத்திருக்கிறார். தோட்டக்கலைப் பேராசிரியை ஊருக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் விடவில்லை. "நம்ம ஜனம் எல்லாரும் டப்பாலயும் பக்கெட்லயும் எதையாச்சும் வளத்துட்டு இருக்கு மேடம். வந்து நாலு வார்த்தை சொல்லுங்க. டென்ஷனே எடுக்காதீங்க, ஜாலியாப் பேசினாப் போதும்."

90 ஃபீட் ரோட்டில் இறங்கியதும் ஊருக்குத் திரும்பிவிட்டேனோ என்று இருந்தது. தமிழில் கடைப் பலகைகள், பரோட்டாக் கல்லின் சத்தம், சைக்கிளில் இட்லிப் பாத்திரம். இரண்டு சந்து உள்ளே போனால் தோல் வாடை, பசை வாடை, தையல் எந்திரங்களின் இரைச்சல். செல்வராஜ் எனக்கு முன்னால் நடந்து, "இந்தப் பக்கம், மேடம், சாக்கடை மூடி பாத்து" என்று வழிகாட்டினார்.

கூடத்தில் நல்ல கூட்டம். என் வகுப்பில் காலை முதல் மணியிலேயே பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டு தூங்குவார்கள். இங்கே ஒருவரும் தூங்கவில்லை. பழங்களை மேஜையில் குவித்து வைத்து, "குளிருல விளையுறது இடது பக்கம், வெயில்ல விளையுறது வலது பக்கம், வந்து பிரிச்சு வைங்க" என்றேன். பெண்கள் போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள். ஸ்ட்ராபெர்ரியை வெயில் பக்கம் வைத்தவரை மற்றவர்கள் கேலி செய்தார்கள். தக்காளி பழமா காயா என்று கேட்டபோது கூடம் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. எனக்குக் குஷி தாங்கவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அடுத்த சிரிப்பைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது நடுவரிசையில் ஓர் அம்மா எழுந்தார். தலையில் வெள்ளைத் துப்பட்டா. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"டீச்சர், எங்க மாடில பெரிய டிரம்ல ஒரு ஆப்பிள் செடி நிக்கி. ஆள் உயரம் வந்துட்டு. எல தளதளன்னு இருக்கு. அது எப்ப காய்க்கும்?"

கூடத்தில் சிரிப்பு. அவர் விடவில்லை.

"ஆப்பிளுக்குக் குளிர்ச்சி வேணும்னு சொன்னாக. அதுக்காவ தெனமும் சாயங்காலம் வேருல ஐஸ் போடுதோம். அது சரிதானா?"

கூடம் குலுங்கியது. பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். நான் அந்த அலையின் மேல் ஏறி நின்றேன்.

"அம்மா, ஐஸ் வாங்குற செலவுக்கு ஆப்பிளே வாங்கிரலாமே!"

அதற்குக் கிடைத்த சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தேன். பிறகு ஆசிரியைக்கான குரலில் தொடர்ந்தேன். ஆப்பிள் குளிர்மண்டலப் பயிர், வருடத்தில் பல வாரம் கடுங்குளிரில் ஓய்வெடுத்தால்தான் மொட்டு விடும், மும்பையில் அது நடக்காது என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "காய்க்காத செடிக்குத் தண்ணி எதுக்கு? இருக்கிறது துளியூண்டு இடம். அதைக் காய்க்கிறதுக்குக் குடுங்க. நாளைக்கே பிடுங்கிப் போட்டுட்டு ஒரு முருங்கை வைங்க" என்றேன். கைதட்டினார்கள். அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்தார். அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. அடுத்த கேள்வி யாருடையது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

நான் சொன்னது முழு உண்மையும் அல்ல. வெயிலைத் தாங்கிக் காய்க்கும் ஆப்பிள் ரகங்கள் இப்போது உண்டு. சமவெளியில் சிலர் காய்க்க வைத்திருக்கிறார்கள். விதையிலிருந்து வந்த செடி என்ன செய்யும் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. இதெல்லாம் எனக்குத் தெரியும், வகுப்பில் சொல்லவும் செய்கிறேன். அன்றைக்குச் சொல்லவில்லை. விதிவிலக்குகளைச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

பொன்னாடை போர்த்தினார்கள். செல்வராஜ் பரோட்டாவும் சால்னாவும் வாங்கிக் கொடுத்து டாக்சி ஏற்றிவிட்டார். செம்பூர் போய்ச் சேரும் வரை அந்த ஐஸ் வசனத்தை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனேன்.

திங்கள்கிழமை காலை உமா அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாள். அவளுக்கு ஐரோலியில் வேலை, கம்பெனி பஸ் காத்திருக்காது. அந்த நேரத்தில் செல்வராஜ் போன் செய்தார். முதல் நாள் இருந்த உற்சாகம் குரலில் இல்லை.

"மேடம், நேத்து ஆப்பிள் செடி கேட்டாங்கல்ல, ரஹ்மத்தக்கா. அவங்க வீட்டுக்காரர் காதர் மைதீன் அண்ணன் செடியப் பிடுங்கிட்டாரு."

"நல்லதுதானே" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்!

"இல்ல மேடம். அண்ணனுக்கு முன்னால வாதம் அடிச்சு ஒரு பக்கம் விழுந்துட்டு. சொந்தப் பட்டறைல பைக்குத் தோல் வெட்டுற கட்டிங் மாஸ்டரா இருந்தவரு. இப்ப வேலை கெடையாது. நேத்து கூட்டத்துல அவரும் வாசப்பக்கம் இருந்தாரு. வீட்டுக்குப் போயி, ஒத்தைக் கையால செடிய வேரோட இழுத்துக் கீழ போட்டுட்டாரு. ராத்திரி மாத்திரை போடல. காலைலயும் போடல. அது ரத்தம் கட்டாம இருக்குற மாத்திரை மேடம், ஒருநாளும் நிறுத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு. அக்கா கெஞ்சுறாங்க. அவரு ஒண்ணுதான் சொல்லுதாராம்."

"என்ன?"

"காய்க்காத செடிக்குத் தண்ணி எதுக்கு, டீச்சரே சொல்லிட்டாங்கல்லன்னு."

உமா வாசலில் நின்று, "என்னக்கா, யாரு?" என்று கேட்டாள். "மன்றத்துக்காரங்க. பேச்சு நல்லா இருந்துதாம்" என்றேன். என் வாய் அதைத் தானாகச் சொன்னது.

நான் உடனே தாராவிக்குப் போகவில்லை. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். மதியத்துக்குள் வருகிறேன் என்று செல்வராஜிடம் சொல்லிவிட்டு, கேமராவை எடுத்துக்கொண்டு மறுபடி மாட்டுங்காவுக்குப் போனேன். பூச்சந்தையில் மல்லிகையையும் சம்பங்கியையும் படம் எடுத்தேன். குர்லாவில் சரியான வண்டியில் ஏறினேன், சரியான இடத்தில் இறங்கினேன். வடாபாவ் வாங்கினேன், ஒரு கடிக்கு மேல் இறங்கவில்லை. கேமராவுக்குள் எதைப் பார்த்தாலும், முகம் தெரியாத ஒருவர் ஒற்றைக் கையால் செடியை இழுப்பது தெரிந்தது. ஆள் உயரச் செடி. டிரம்மில் வேர் நன்றாக இறங்கியிருக்கும். ஒரு கையால் இழுக்க வெகுநேரம் ஆகியிருக்கும்.

செம்பூருக்குத் திரும்பி ஒரு நர்சரியில் நல்ல கொய்யாக் கன்றாகப் பார்த்து வாங்கினேன். பதியன் போட்ட கன்று, இடுப்பு உயரம். வெறுங்கையோடு போக எனக்குத் தைரியம் இல்லை. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். சயான் வந்ததும் ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி, இதற்கு மேல் ஆட்டோ போக அனுமதி கிடையாது, டாக்சி பிடித்துக்கொள் என்றார். டாக்சிக்காரர்கள் மண் தொட்டியைப் பார்த்ததும் சீட் அழுக்காகும் என்று தலையை ஆட்டிவிட்டார்கள். நடந்தேன். வெயிலில் கொய்யா இலை முகத்தில் உரசிக்கொண்டே வந்தது. வழியில் ஒருவர், "வாஹ், தோட்டமே நடந்து வருது" என்று இந்தியில் சொன்னார். அந்தக் கேலி எனக்கு வேண்டியதுதான் என்று பட்டது.

செல்வராஜ் சந்து முனையில் காத்திருந்தார். கீழே பை தைக்கும் பட்டறை. ஒரு காலத்தில் காதர் மைதீனுடையது, இப்போது வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். பக்கவாட்டில் செங்குத்தான இரும்பு ஏணி. செல்வராஜ் கன்றைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினார். மேலே ரஹ்மத் நின்றார்.

"வாங்க டீச்சர். தலையக் குனிஞ்சு வாங்க, தகரம் இடிச்சிரும்."

அவர் கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மின்விசிறியை என் பக்கம் திருப்பினார். டீ போட்டார். தட்டில் கறி சமோசா வைத்தார். செல்வராஜ், கடையில் ஆள் இல்லை என்று சொல்லிக் கீழே இறங்கிவிட்டார். கதவுக்கு வெளியே, தகரக் கூரையின் விளிம்பில் நீல டிரம் தெரிந்தது. மண் கிளறிக் கிடந்தது. பிடுங்கிய செடியைக் காலையிலேயே குப்பை வண்டி எடுத்துப் போய்விட்டதாம்.

காதர் மைதீன் சுவரில் சாய்ந்து பாயில் உட்கார்ந்திருந்தார். நறுக்கிவிட்ட தாடி, துவைத்து மடித்த சட்டை. வலது கை மடியில் கிடந்தது. என்னைப் பார்த்து, "வாங்க" என்றார். வார்த்தை கொஞ்சம் குழறியது.

"அண்ணே, நேத்து நான் பேசினது..." என்று ஆரம்பித்தேன். கன்றைக் காட்டினேன். "இது கொய்யா. பதியன் கன்னு. இந்த ஊர் வெயிலுக்கு நல்லா வரும். சீக்கிரமே காய்ச்சிரும்."

"காய்க்குமா?"

"கண்டிப்பாக் காய்க்கும்."

"அப்ப காய்க்கிறவங்க வீட்டுல கொண்டு போயி வைங்க, டீச்சர்."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். செய்த தவறை அதே அளவுகோலை வைத்துச் சரிசெய்யப் போயிருக்கிறேன். பதறிப்போய் அதைவிட மோசமாக ஒன்று சொன்னேன். வகுப்பெடுக்கிறவளுக்கு வேறென்ன தெரியும்! "காய்க்கிறது மட்டும் பயன் இல்லண்ணே. பாக்குறதுக்குன்னே வளக்குற செடிங்க இருக்கு. எங்க பாடத்துலயே அலங்காரச் செடின்னு தனியா ஒரு வகை..."

"அப்ப நான் அலங்காரமா?"

அடுப்பருகே நின்ற ரஹ்மத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கையை எடுத்தபோது முகம் மாறியிருந்தது.

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துதீயளா" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "டீச்சர், நான் என்ன ஆப்பிள் திங்கவா கேட்டேன்? இவுக ஆஸ்பத்திரில கெடந்தப்ப பாக்க வந்தவுக குடுத்த பழம் அது. வீட்டுல வந்து அறுத்தா, உள்ளயே வெதை மொளைச்சு வெள்ளையா வேர் விட்டுருந்துது. அத இவுகதான் எடுத்து மண்ணுல வச்சாக. அதுக்கு முன்னால இவுக எங்கிட்டகூட வாயத் தொறந்து பேசல. அதுட்டப் பேசுனாக. காலைல எந்திச்சு மொத வார்த்தை அதுட்டதான். யாரோ குளிர்ச்சி வேணும்னு சொன்னாகன்னு, அந்த ஏணில எறங்கி ஜூஸ் கடைக்குப் போயி ஐஸ் பைய வாங்கித் தோள்ல மாட்டிட்டு ஒத்தைக் கையால புடிச்சு ஏறுவாக. டாக்டர் நடங்க நடங்கன்னு சொன்னப்ப நடக்காத மனுசன். ஐஸ் போட்டா ஆப்பிள் வராதுன்னு எனக்குத் தெரியாதா? ஒரு படிச்ச டீச்சர் வாயால ஒரு நல்ல வார்த்தை கேட்டா இவுகளுக்குச் சந்தோசமா இருக்கும்னு நாந்தான் இழுத்துட்டு வந்தேன். நாந்தான் எந்திச்சுக் கேட்டேன்." குரல் இறங்கியது. "நான் கேக்காம இருந்திருக்கணும்."

"நீங்க கேட்டதுல ஒண்ணும் தப்பில்லைங்க" என்றேன். அதற்கு மேல் காரணம் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. "எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அது பிடிச்சுப் போச்சு. இன்னும் சிரிக்கணும்னு நினைச்சேன். கேக்கிறது யாரு, எதுக்குக் கேக்குறாங்கன்னு பாக்கல. அதுதான் நடந்தது. செடி விஷயத்துலயும் நான் சொன்னது முழுசா சரியில்ல."

காதர் மைதீன் முதல்முறையாக நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தார்.

"சரியில்லையா? அப்ப காய்ச்சிருக்குமா?"

கீழே பட்டறையில் எந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆமாம் என்றால், காய்த்திருக்கக்கூடிய செடியை அவர் கையாலேயே பிடுங்க வைத்தேன் என்றாகும். இல்லை என்றால் நேற்றைய பேச்சையே இன்னொரு முறை சொன்னதாகும். பொய் சொல்லவும் ஒரு நல்ல பொய் அகப்படவில்லை.

"தெரியல" என்றேன். "காய்க்கிறது கஷ்டம். ஆனா காய்க்கவே காய்க்காதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. நான் சொல்லிருக்கக் கூடாது."

அவர் டிரம் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மன்னிப்பு கிடைக்கப் போகிறது என்று அற்பமாக எதிர்பார்த்தேன். அவர் என்னை மறந்தே போயிருந்தார்.

ரஹ்மத் அலமாரியிலிருந்து அவருடைய மாத்திரை அட்டையை எடுத்து வந்து பாயில் வைத்தார். அவர் தொடவில்லை. ரஹ்மத் திரும்பிப் போய் இன்னோர் அட்டையைக் கொண்டு வந்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"இது என் சுகர் மாத்திரை. நீங்க போடாட்டி நானும் போடல. எனக்கு மட்டும் எதுக்குத் தண்ணி?" சொல்லிவிட்டு அவருக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

இருவருக்கும் நடுவே நான் டீத் தம்ளரோடு இருந்தேன். அந்த அறையில் இருக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. எழுந்து போகவும் வழியில்லை, வாசலை அடைத்துக்கொண்டு என் கொய்யாக் கன்று நின்றது. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீயில் ஆடை படிந்தது. எங்கோ ஒரு பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். ரஹ்மத் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டார், ஆனால் எழவில்லை.

கடைசியில் காதர் மைதீன் இடது கையை நீட்டினார். எடுத்தது ரஹ்மத்தின் அட்டையை. அதை முழங்காலில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். வழுக்கியது. மறுபடி அழுத்தினார். ரஹ்மத் உதவவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். மாத்திரை தெறித்துப் பாயில் விழுந்தது. அதைப் பொறுக்கி ரஹ்மத்திடம் நீட்டினார்.

"போடு."

"நீங்க?"

"நீ போடு மொதல்ல."

"சேந்துதான்."

அவர் தன் அட்டையையும் எடுத்தார்.

நான் கிளம்பினேன். போய்வருகிறேன் என்றபோது காதர் மைதீன் மரியாதையாகத் தலையை அசைத்தார். "டீச்சர், செடிய மறக்காம எடுத்துட்டுப் போங்க" என்றார். அதில் கோபம் இல்லை. மறுத்துப் பேச இடமும் இல்லை. ரஹ்மத் சமோசாவைக் காகிதத்தில் சுற்றி என் பையில் போட்டார். வேண்டாம் என்று சொல்லும் தகுதிகூட எனக்கு இல்லை என்று பட்டது, வாங்கிக்கொண்டேன்.

கன்றோடு ஏணியில் இறங்குவது பெரும்பாடு. அதைவிடப் பெரும்பாடு, மாலை நேரத்துப் பெண்கள் பெட்டியில் அதோடு நிற்பது. வேலை முடிந்து திரும்புகிறவர்கள் மடியில் வெந்தயக் கீரையைப் போட்டு ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் திட்டினார், ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். உமா வீட்டுப் பால்கனியில் கன்றை வைத்தபோது, "யாருக்கோ வாங்கினீங்களா?" என்று கேட்டாள். அப்போதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சாப்பிடுங்கக்கா" என்று மட்டும் சொல்லித் தட்டை வைத்தாள். சமோசாவில் புதினா தூக்கலாக இருந்தது, நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததும் உறுத்தியது.

ஊர் திரும்பும் அன்று ரயில் நிலையத்துக்குச் செல்வராஜ் வந்திருந்தார். கையில் பளபளக்கும் தாள் சுற்றிய ஒரு பெரிய சட்டம்.

"அண்ணன் மாத்திரை ஒழுங்காப் போடுறாரு மேடம். நேத்து சாயங்காலம் கீழ எறங்கி வந்தாரு. ஜூஸ் கடைப் பக்கம் போகல. சும்மா என் கடைல வந்து கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போனாரு." பிறகு முகம் மலர்ந்து சட்டத்தை நீட்டினார். "இது மன்றத்தோட அன்பளிப்பு. கூட்டத்துல எடுத்த போட்டோவுலயே இதுதான் டாப். இன்னமும் எல்லாரும் அந்த ஐஸ் ஜோக்கையே சொல்லிட்டு இருக்காங்க."

வண்டி கிளம்பி வெகுநேரம் கழித்துத்தான் தாளைப் பிரித்தேன். மேஜையில் பழங்கள் இரண்டு குவியலாக இருந்தன. என் வாய் அகலத் திறந்திருந்தது. கூடம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது. ஒரு பெண் பக்கத்தில் இருப்பவளின் தோளில் சாய்ந்து சிரிக்கிறாள். நடுவரிசையில் ரஹ்மத் நின்றபடியே சிரிக்க முயல்கிறார். வாசலோரம் ஒருவர் ஊன்றுகோலைப் பிடித்து அப்போதுதான் எழுந்து நின்றிருக்கிறார்.

எதிர் இருக்கைப் பெண்மணி, சோலாப்பூரில் மகளைப் பார்த்துவரப் போகும் தமிழ்க்காரர், எட்டிப் பார்த்தார். "நல்ல கூட்டம்ங்க. எல்லாரும் எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க!" என்றார். பிறகு கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு விரலை வைத்தார். "இவரு மட்டும் சிரிக்கலையே. யாரு இவரு?"

"காதர் மைதீன்" என்றேன். "ஆப்பிள் செடி வளர்த்தவர்."

"பம்பாய்லயா? அங்க ஆப்பிள் காய்க்குமா?"

"ஆள் உயரத்துக்கு வளந்திருந்துது" என்றேன்.